விளைபொருளை விற்க உதவும் தேடுசொற்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் மணிலா பயிரிடும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். விளைந்த காயை மண்டியில் போடாமல், உடைத்து, மரச்செக்கில் ஆட்டி, எண்ணெயாக விற்று வருபவர். எண்ணெயில் கலப்படம் கிடையாது. நிறமும் மணமும் நன்றாகவே இருந்தன. இருந்தும் மூன்று மாதங்களுக்கு முன் ஆட்டிய எண்ணெயில் பாதி அப்படியே டின்னில் இருந்தது. செக்கு எண்ணெயை நெடுநாள் வைத்திருக்க முடியாது. நாள் ஆக ஆகச் சிக்கு வாடை வந்துவிடும்.

"பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து இணையதளம் போட்டேன் ஐயா. ஒரு போன்கூட வரல" என்றார்.

அந்த இணையதளத்தைச் செல்போனில் திறந்து பார்த்தேன். முகப்பில் அவருடைய தாத்தாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, "டி.எம்.வி. 7 ரக மணிலா எண்ணெய், தரத்தில் உயர்ந்தது" என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. எழுதியதில் பொய்யும் இல்லை. ஆனால் சென்னையில் செக்கு எண்ணெய் வாங்க நினைக்கும் ஒரு குடும்பத் தலைவி 'மணிலா' என்று தேடமாட்டார். அவருக்கு அது வேர்க்கடலை. எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். டி.எம்.வி. 7 என்பது திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து ரகம் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வெறுமனே 'மணிலா' என்று தேடினால் பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம்தான் வந்து நிற்கும்.

பொருளில் குறை இல்லை. வாங்குபவர் தேடிய சொல்லும் விற்பவர் எழுதிய சொல்லும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

கூகுள், யூடியூப் போன்றவற்றில் ஒருவர் எழுதியோ பேசியோ தேடும் சொல்லை ஆங்கிலத்தில் கீவேர்டு என்பார்கள். தமிழில் தேடுசொல் எனலாம். எண்ணெய், வெல்லம், பாரம்பரிய அரிசி, மஞ்சள் தூள், நாற்று, விதை, கோழிக்குஞ்சு என எதையும் நேரடியாக விற்க முனையும் சிறு விவசாயிகள் இதைப் புரிந்துகொள்வது அவசியமாகும். இதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால், அங்குள்ளவர் ஊர் நிலத்தை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சான்று தருவதில்லை. முன்பே தொகுத்து வைத்துள்ள அட்டவணையில் தேடித்தான் தருகிறார். சர்வே எண்ணைத் தவறாகக் கொடுத்தால், நிலம் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அட்டவணையில் அகப்படாது.

தேடுபொறியும் இப்படித்தான். 1998-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூகுள் நிறுவனத்தின் தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, அதன் கணினி நிரல்கள் இணையதளங்களைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டாவதாக, எந்தப் பக்கத்தில் எதைப் பற்றி இருக்கிறது என்று அட்டவணை தயாரிக்கின்றன. மூன்றாவதாக, ஒருவர் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. உங்கள் பக்கத்தில் இல்லாத சொல்லுக்கு அந்த அட்டவணையில் இடம் கிடைப்பது அரிது.

ஒரே பொருள் தரும் சொற்களை இன்றைய தேடுபொறிகள் ஓரளவு இணைத்துப் பார்க்கின்றன என்பது உண்மையே. ஆனால் வட்டார வழக்குச் சொற்களில் இதை நம்பி இருந்துவிட முடியாது.

ஒரு பொருள், பல பெயர்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வதையே கோவைப் பகுதியில் கடலைக்காய் என்கிறார்கள். சென்னையில் வேர்க்கடலை. வேளாண் வெளியீடுகளில் நிலக்கடலை. மரவள்ளி சேலம், நாமக்கல் பகுதிகளில் குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரியில் மரச்சீனி. தூத்துக்குடியில் கருப்பட்டி என்பதை வேறு ஊர்களில் பனை வெல்லம் என்று கேட்கிறார்கள். எனவே, யாருக்கு விற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அவர்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டறிய வேண்டும்.

நமது விழுப்புரம் விவசாயிக்கு இரண்டு சரக்கு உண்டு. எண்ணெய் சென்னைக்குப் போகிறது. புண்ணாக்கு பக்கத்து ஊர் மாட்டுக்காரர்களுக்குப் போகிறது. எண்ணெய்க்கு 'வேர்க்கடலை', 'கடலை எண்ணெய்' என்ற சொற்கள் பொருந்தும். புண்ணாக்குக்கு 'மணிலாப் புண்ணாக்கு' என்பதே சரி. ஒரே காயிலிருந்து வந்தாலும் வாங்குபவர்கள் வேறு. ஆகவே சொல்லும் வேறு.

சில சொற்களுக்கு வேறு பொருளும் உண்டு. 'சர்க்கரை' என்று மட்டும் தேடுபவர்களில் பலர் சர்க்கரை நோயைப் பற்றி அறிய விரும்புபவர்கள். நாட்டுச் சர்க்கரை விற்பவர் 'நாட்டுச் சர்க்கரை' என்று முழுமையாக எழுதினால்தான் தன் வாடிக்கையாளரைப் பிடிக்க முடியும். 'மஞ்சள்' என்பது நிறத்தின் பெயரும் ஆகும். 'விரலி மஞ்சள்', 'மஞ்சள் தூள்' என்று எழுத வேண்டும். 'வாழை' என்ற பெயரில் 2024-ம் ஆண்டில் ஒரு திரைப்படமே வந்துவிட்டது. திசு வாழைக் கன்று விற்பவர் 'திசு வாழைக் கன்று' என்றே குறிப்பிட வேண்டும்.

எழுத்து வேறுபாடுகளையும் கவனிக்க வேண்டும். 'எண்ணெய்' என்பதைப் பலர் 'எண்ணை' என்று எழுதித் தேடுகிறார்கள். 'கவுனி' அரிசியை 'கவுணி' என்பவர்களும் உண்டு. இத்தகைய சிறு பிழைகளைத் தேடுபொறி பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். அதற்காக நாமும் பிழையாக எழுத வேண்டியதில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்கள் ஏராளம். 'ழ' எழுத்துக்கு ஒருவர் 'இசட்', 'எச்' என இரண்டு எழுத்துகளைப் போடுவார். மற்றவர் 'எல்' ஒன்றையே போடுவார். எனவே பொருளின் பெயரைத் தமிழில் எழுதியபின், ஆங்கில எழுத்தில் ஒரு வரியும், ஆங்கிலப் பெயரில் ஒரு வரியும் சேர்ப்பது நல்லது.

தேடுபவரின் நோக்கம்

ஒரே பொருளைத் தேடுபவர்கள் எல்லோரும் வாங்குபவர்கள் அல்லர். கருப்புக் கவுனி அரிசியை எடுத்துக்கொள்வோம்.

'கருப்புக் கவுனி பயன்கள்' என்று தேடுபவர் அறிய விரும்புகிறார். 'கருப்புக் கவுனி கஞ்சி செய்வது எப்படி' என்பவர் சமைக்க விரும்புகிறார். அரிசி ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கலாம். 'கருப்புக் கவுனி 5 கிலோ விலை' என்பவர் பணத்தைக் கையில் எடுத்துவிட்டார். 'பாரம்பரிய அரிசி கடை அருகில்' என்பவர் புறப்படத் தயாராக இருக்கிறார்.

பின்னால் சொன்ன இரண்டும்தான் விற்பனைக்கு மிக அருகில் உள்ள சொற்கள். ஆனால் விவசாயிகள் பலர் தங்கள் பக்கங்களில் பயன்களை மட்டுமே எழுதி, விலை, எடை, அனுப்பும் செலவு, ஊர், செல்போன் எண் ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். மேலும், 2024-ம் ஆண்டு முதல் இந்தியாவிலும் கூகுளில் பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதில் மேலேயே வந்துவிடுகிறது. பயன்களை அறிய வந்தவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். வாங்க வந்தவரோ விற்பவரைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆகவே விலையும் எடையும் ஊரும் எழுதாத பக்கம் விலைப்பட்டியல் இல்லாத கடை போன்றதாகும்.

குறுஞ்சொல்லா, நெடுஞ்சொல்லா?

'அரிசி' என்ற ஒரே சொல்லில் முதல் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால், பெரிய வணிக நிறுவனங்களோடு போட்டியிட வேண்டும். சிறு விவசாயிக்கு அது ஆகாத காரியம். 'கைக்குத்தல் மாப்பிள்ளைச் சம்பா 5 கிலோ' என்று தேடுபவர்கள் குறைவு. ஆனால் போட்டியும் குறைவு. தேடுபவர்களில் வாங்குபவர்கள் அதிகம். மூன்று ஏக்கர் விளைச்சலை விற்க ஆயிரக்கணக்கானோர் வர வேண்டியதில்லை. மாதம் முப்பது பேர் தவறாமல் வாங்கினாலே போதும்.

நாள்தோறும் நடக்கும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகுள் நிறுவனம் கூறி வருகிறது. மக்கள் தங்கள் மனதில் உள்ளபடி புதிது புதிதாகக் கேட்கிறார்கள் என்பதே இதன் பொருள். செல்போனில் பேசித் தேடுபவர்கள் முழு வாக்கியமாகவே கேட்கிறார்கள். எனவே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட, வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதி அவற்றுக்கு நேரான பதிலை எழுதுவதே சிறந்தது. 'செக்கு எண்ணெய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?', 'எண்ணெயில் அடியில் வண்டல் தங்குவது ஏன்?' போன்ற கேள்விகளுக்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யார்?

செலவில்லாமல் தேடுசொல் அறியும் முறைகள்

1. நோட்டுப் புத்தகம்: இதுவே முதன்மையானது. போன் செய்பவர் சொல்லும் முதல் வாக்கியத்தை, அவர் சொன்ன சொல்லிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். "எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள், என்ன எழுதித் தேடினீர்கள்?" என்றும் கேளுங்கள். முப்பது நாட்களில் உங்களுக்கு வேண்டிய சொற்களில் பெரும்பகுதி சேர்ந்துவிடும்.

2. கூகுள் தரும் குறிப்புகள்: தேடும் கட்டத்தில் 'கடலை எண்ணெய்' என்று எழுதி, அனுப்பாமல் சற்று நிறுத்துங்கள். கீழே சில வரிகள் தாமாக வரும். அவை மற்றவர்கள் தேடியவற்றையொட்டி வருபவை. அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவுகளுக்கு இடையிலும் பக்கத்தின் அடியிலும் வரும் தொடர்புடைய கேள்விகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போனில் வருவது உங்கள் ஊரையும் உங்கள் பழைய தேடல்களையும் ஒட்டி இருக்கும் என்பதால், சென்னையிலோ கோவையிலோ உள்ள உறவினர் ஒருவரின் செல்போனிலும் பார்க்கச் சொல்வது நல்லது.

3. கூகுள் டிரெண்ட்ஸ்: 2006-ம் ஆண்டு முதல் உள்ள இலவச வசதி. ஒரு சொல் எந்த மாதத்தில், எந்த மாநிலத்தில் அதிகம் தேடப்படுகிறது என்று வரைபடமாகக் காட்டும். இரண்டு சொற்களை ஒப்பிடவும் செய்யலாம். இதில் வரும் 0 முதல் 100 வரையுள்ள எண்கள் தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. உச்சமாக இருந்த நாளை 100 என்று வைத்து மற்ற நாட்களைக் கணக்கிட்ட ஒப்பீடு மட்டுமே. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

4. சர்ச் கன்சோல்: சொந்த இணையதளம் வைத்திருப்பவர்களுக்கான இலவச வசதி. எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைக் காட்டும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் உள்ளே வராத சொல் இருந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பு ஈர்ப்பாக இல்லை, அல்லது அந்தச் சொல் உங்கள் சரக்குக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

பருவம் அறிந்து எழுதுதல்

ஆடிப் பட்டம் தேடி விதைப்பவர்கள் நாம். சொல்லை விதைக்கவும் பட்டம் உண்டு. வெல்லம், மஞ்சள் கொத்து ஆகியவற்றைப் பொங்கலை ஒட்டித் தேடுவார்கள். மாம்பழத்தைக் கோடையில் தேடுவார்கள். காய்கறி விதைகளை ஆடிக்கு முன்பும், தை பிறந்தபின்பும் தேடுவார்கள். புதிதாக எழுதிய பக்கத்தைத் தேடுபொறி படித்து அட்டவணையில் சேர்க்கச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். நல்ல இடம் கிடைக்க இன்னும் நாளாகும். எனவே பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிவிட வேண்டும். மார்கழிக் கடைசியில் வெல்லத்தைப் பற்றி எழுதினால் பொங்கல் முடிந்துவிடும்.

எங்கே எழுத வேண்டும்?

பக்கத்தின் தலைப்பு, முதல் இரண்டு வரிகள், படத்தின் பெயரும் விளக்கமும் ஆகிய இடங்களில் முக்கியமான தேடுசொல் இயல்பாக இடம் பெற வேண்டும். உதாரணமாக, 'வரவேற்கிறோம்' என்ற தலைப்பால் எந்தப் பயனும் இல்லை. 'மரச்செக்கு வேர்க்கடலை எண்ணெய் – விழுப்புரம் விவசாயியிடமிருந்து நேரடி விற்பனை' என்ற தலைப்பில் பொருள், முறை, ஊர், விற்பவர் ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. யூடியூபில் படம் போடுபவர்கள் தலைப்பிலும் அதன் கீழே உள்ள விளக்கத்திலும் இவ்வாறே எழுத வேண்டும். படத்தில் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

தோட்டத்திலோ கடையிலோ நேரில் விற்பவர்கள் கூகுள் வரைபடத்தில் தங்கள் தொழிலை இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 'அருகில்' என்று தேடுபவர்களுக்கு இதுவே முதலில் தெரியும். தேடலுக்குப் பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர்ப் பலகையில் உள்ள பெயரை மட்டுமே எழுத வேண்டும். அதோடு 'சுத்தமான கடலை எண்ணெய் நல்லெண்ணெய் தேங்காய் எண்ணெய்' என்று சேர்த்தால் விதிமீறல் ஆகும், பதிவு முடக்கப்படலாம். தேடுசொற்களை 750 எழுத்துகள் வரை உள்ள விளக்கப் பகுதியில் எழுதலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் பார்சலில் மட்டும் அனுப்புபவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது.

வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி கூகுள் தேடலில் வராது. அது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு விற்க உதவும். புதியவர்கள் நம்மைக் கண்டுபிடிக்க உதவாது. இரண்டும் வேண்டும்.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவோர்

கூகுள் விளம்பரத்தில், பெரும்பாலும், விளம்பரத்தை ஒருவர் தொட்டு உள்ளே வரும்போது பணம் கழியும். அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கழியும். எனவே எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டும் என்பதைப் போலவே, எந்தச் சொல்லுக்கு வரக்கூடாது என்பதும் முக்கியம். 'மரச்செக்கு' என்று தேடுபவர்களில் எண்ணெய் வாங்குபவர்களும் உண்டு; செக்கு இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்க நினைப்பவர்களும் உண்டு. 'இயந்திரம்', 'மெஷின்', 'மானியம்', 'வேலை' ஆகிய சொற்களை விலக்குச் சொற்களாகக் கொடுத்துவிட்டால், அவற்றைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டப்படாது. வயலில் களை எடுப்பது போன்றதே இது. நாள் ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்ற வரம்பையும், எந்த ஊர்களில் மட்டும் காட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே குறிப்பிட வேண்டும். தேடுசொற்களைத் திருத்தி எழுதி இரண்டு மாதமாவது பார்த்துவிட்டு, அதன்பின் தேவைப்பட்டால் மட்டும் விளம்பரத்துக்குப் போவது நல்லது.

தவிர்க்க வேண்டியவை

தேடுபவர்கள் அதிகம் என்பதற்காக எல்லாச் சொல்லையும் எழுதிவிடக் கூடாது. 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் அரிசி' என்ற சொல்லைத் தேடுபவர்கள் இருக்கலாம். அப்படி விளம்பரம் செய்வது குற்றம். சர்க்கரை நோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு 2018-ம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன.

அங்ககச் சான்று பெறாமல் 'சான்று பெற்ற இயற்கை விளைபொருள்' என்று எழுதக்கூடாது. சான்று பெற விரும்புவோர் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். 'ஈரோடு மஞ்சள்' 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வேறு பகுதியில் விளைந்த மஞ்சளுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்பது சட்டப்படித் தவறு. உணவுப் பொருளாக மாற்றி விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற்றிருக்க வேண்டும்.

ஒரே சொல்லை ஐம்பது முறை எழுதுவதும், பின்னணி நிறத்திலேயே எழுத்தை மறைத்து எழுதுவதும் பயன் தராது. தேடுபொறி அவற்றை மோசடியாகவே கொள்கிறது. இணையப் பக்கத்தின் உட்பகுதியில் தேடுசொல் பட்டியல் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சிலர் இன்றும் பணம் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

ஏமாற வேண்டாம்

"கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறோம், உத்தரவாதம்" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். அத்தகைய உத்தரவாதத்தை எவராலும் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் கொடுக்கக் கூடாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நமது விழுப்புரம் விவசாயியின் இணையதளத்தில் சொற்களை மாற்றலாம் என்று உட்கார்ந்தபோது, அதன் முகவரி தளத்தை வடிவமைத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது தெரிந்தது. கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. ஒரு வரியை மாற்றவும் தனியாகப் பணம் கேட்டார். நிலம் நம்முடையது, பட்டா வேறொருவர் பெயரில் என்ற கதைதான். கடைசியில் அதை விட்டுவிட்டுப் புதிய முகவரியைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். இணையதளம் அமைப்பவர்கள் முகவரி, மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் தங்கள் பெயரில் வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத் தவறு

விவசாயிக்கு யோசனை சொல்லும் எங்களிடமும் இதே தவறு உண்டு. தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. நாங்கள் 'ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ – ஒருங்கிணைந்த மேலாண்மை' என்று தலைப்பிட்டு எழுதினோம். தோப்பில் நிற்கும் விவசாயிக்கு அந்த ஈயின் பெயர் எப்படித் தெரியும்? அவர் கண்ணில் படுவது கீழ் ஓலைகளில் படிந்த கரும்பூசணம். 'தென்னை ஓலை கருப்பாக இருக்கிறது' என்றுதான் அவர் தேடுவார். அந்தச் சொல் எங்கள் தலைப்பில் இல்லை.

எங்கள் பரிந்துரை, கண்ட மருந்தையும் தெளிக்காமல், இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியைக் காக்க வேண்டும் என்பது. அது போய்ச் சேராத தோப்புகளில் மருந்து தெளிக்கப்பட்டு ஒட்டுண்ணிதான் அழிந்தது. ஆராய்ச்சியில் குறை இல்லாமல் தலைப்பில் குறை இருந்தாலும் நஷ்டம் விவசாயிக்கே. இப்போது எந்தக் கட்டுரை எழுதினாலும், பூச்சியின் பெயருக்கு முன் விவசாயி காணும் அறிகுறியை எழுதும் பழக்கத்தை மேற்கொண்டுள்ளேன்.

நோட்டில் இருந்த ஒரு வரி

விழுப்புரம் விவசாயி புதிய பக்கத்தில் 'மரச்செக்கு வேர்க்கடலை எண்ணெய்' என்று தலைப்பிட்டார். ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் விலையையும், பார்சல் செலவையும், ஆட்டிய தேதியையும் எழுதினார். தாத்தா பெயரை எடுத்துவிட மனமில்லை, கீழே வைத்தார். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் போன் வரத் தொடங்கியது. இப்போது ஆட்டும் எண்ணெய் அடுத்த ஆட்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. காய் முழுவதையும் அவரால் எண்ணெயாக விற்க முடிவதில்லை. ஒரு பகுதி இன்னும் மண்டிக்குத்தான் போகிறது. ஆனால் மண்டியில் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார்.

அண்மையில் அவருடைய நோட்டைப் பார்த்தேன். 'வேர்க்கடலை எண்ணெய் இருக்கா', 'கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் என்ன விலை' என்ற வரிகளுக்கு நடுவே, 'மல்லாட்டை எண்ணெய் கிடைக்குமா' என்று ஒரு வரி இருந்தது. விசாரித்தபோது, கேட்டவர் விழுப்புரம் பக்கத்தில் பிறந்து சென்னையில் குடியேறியவர் என்று தெரிந்தது. ஊர்ச் சொல்லாலேயே தேடியிருக்கிறார். அதன்பின் பக்கத்தின் கடைசியில், 'எங்கள் ஊரில் இதை மணிலா, மல்லாட்டை என்போம்' என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார் அந்த விவசாயி. வாங்குபவர் சொல்லை முன்னே வைத்து, நம் சொல்லையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இந்த முறை எல்லா விளைபொருளுக்கும் ஏற்றது.

நேரடி விற்பனை செய்யும் விவசாய அன்பர்கள் இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து, போன் செய்பவர்களின் முதல் வாக்கியத்தை எழுதத் தொடங்குங்கள். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். ஒரு மாதம் கழித்து அதைப் படித்துப் பார்த்து, உங்கள் பக்கத்தின் தலைப்பை மாற்றி எழுதுங்கள்.